பனி நிற்காத கூரை

பெப். 2, திங்கள்

சாம்பல் வானம், காற்று இல்லை. வானிலை அறிக்கை: நாளை பனி, பிறகு ஒரு கிழமை உறைகுளிர். லண்டன் அறிக்கைகள் வெயிலைப் பற்றிச் சொன்னால் நம்பத் தேவையில்லை. கெட்ட செய்தி என்றால் சொன்னபடி நடக்கும்.

இன்றைய வேலை: பின்பக்கச் சிறு அறையைக் காலி செய்தல். வெளியேறியவை: தையல் மெஷின், பழைய சேலைப் பெட்டி இரண்டு, வாங்கிய கிழமையோடு ஓய்வுபெற்ற உடற்பயிற்சிச் சைக்கிள், மகளின் பள்ளிக்கூட நோட்டுகள்.

ஹொஸ்பிட்டல் கடிதத்தை மறுபடி வாசித்தேன். 11ஆம் திகதி, புதன், காலை 11 மணி. டயலிசிஸ் நேர்ஸ் வீடு பார்க்க வருகிறார். கேட்பவை:
– உலர்ந்த அறை. ஈரமோ பூஞ்சணமோ இருந்தால் அனுமதி இல்லை
– கழுவக்கூடிய தரை
– தண்ணீர்க் குழாய், வடிகால் பக்கத்தில்
– பெட்டிகள் அடுக்க இடம்
எல்லாம் உண்டு. சீலிங்கூட வெள்ளையாக இருக்கிறது.

அறை தேறினால் டயலிசிஸ் மெஷின் வீட்டுக்கு வரும். தேறாவிட்டால் பத்மா இப்போது போவதுபோலவே ஹொஸ்பிட்டலுக்குப் போகவேண்டும். செவ்வாய், வியாழன், சனி. காலை ஐந்தே முக்காலுக்கு வண்டி, நாலு மணி நேரம் கட்டில், திரும்பும் வண்டிக்குக் காத்திருப்பு. மூன்று வருஷமாக இதுதான்.

மத்தியானம் கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள்.

"இது சரிவராட்டி நான் அங்க போறதை விட்டிடுவன்."

"விட்டால்?"

"விட்டால் விட்டதுதான். எல்லாம் முடிய ரெண்டு கிழமை செல்லுமெண்டு டொக்டர் சொன்னவர்."

காம்பைக் கிள்ளிப் போட்டாள். முப்பத்திரண்டு வருஷ மனைவி. வெருட்டுவதற்காக ஒன்றும் சொல்லமாட்டாள். முடிவெடுத்த பிறகுதான் சொல்வாள்.

அம்மாளுக்கு நேர்த்திக்கடன்: நாற்பத்தெட்டு நாள் அணையா விளக்கு. இன்று 39. நேர்ஸ் வரும் நாள் 48. கடிதம் வந்ததும் நாட்காட்டியில் பின்னோக்கி எண்ணித் தொடங்கியது. எண்ணியது அவள்.

விளக்கு லொஃப்டில், சீலிங்குக்கும் ஓட்டுக்கும் நடுவிலுள்ள பரணில். முன்பு சாமி குசினி அலுமாரியில் இருந்தார். அதற்கு நேர்மேலே மாடிக் கழிப்பறை. சாமியின் தலைக்கு மேல் ஆள் நடக்கக்கூடாது என்பது விதி. நாங்கள் நடந்ததோடு நிற்கவில்லை, உட்கார்ந்தும் இருந்தோம். ஆகவே இரண்டு வருஷத்துக்கு முன் சாமியைக் கூரைக்குள் குடியேற்றினேன். அவருக்கு மேல் இப்போது ஓடும் காகமும்தான்.

பெப். 3, செவ்வாய்

பனி. விடிய நாலிலிருந்து பின்னேரம் மூன்று வரை. நாலு அங்குலம். பஸ் இல்லை, தபால் இல்லை. ஹொஸ்பிட்டல் வண்டி மட்டும் ஏழு மணிக்குத் தள்ளாடி வந்து பத்மாவை ஏற்றிப்போனது.

சிறு அறைத் தரையைத் துடைத்தேன். துடைத்த தரையை மறுபடி துடைத்தேன்.

தெரு அழகாக இருந்தது. குறித்துவைக்கிறேன், கிழக்கு லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் இந்த வசனம் அடிக்கடி எழுத வாய்க்காது.

பெப். 4, புதன்

மைனஸ் நாலு. வெயில் கண் கூச.

பத்து மணிக்குக் கமலா அக்கா. பத்மாவின் தமக்கை, ஈஸ்ட் ஹாமிலிருந்து ரெண்டு கறிச் சட்டியோடு நடந்தே வந்தவர். மணி அடிக்கவில்லை. யன்னலால் பார்த்தால் எதிர்ப்பக்க நடைபாதையில் சட்டிகளைப் பனிக்குள் வைத்துவிட்டு, கைகூப்பி எங்கள் கூரையைப் பார்த்து நிற்கிறார்.

நானும் போய்ப் பார்த்தேன். தெரு முழுக்க வெள்ளைக் கூரைகள். எங்களுடையதில் முகட்டிலிருந்து பாதிக்குமேல் வெறும் ஓடு, ஈரமாகப் பளபளத்துக்கொண்டு. விளிம்பில் மட்டும் தடித்த ஐஸ் வரம்பு. மழைத்தண்ணிப் பீலியிலிருந்து ஐஸ் குச்சிகள், முழ நீளம்.

"தம்பி, பாத்தியளே? எல்லாற்ற கூரையிலயும் நிக்குது. உங்கட கூரையில நிக்கேல்லை."

"ஓம் அக்கா."

"அம்மாள் மேல இருக்கிறா. பேந்து பனி என்னெண்டு நிக்கும்?"

காரின் கண்ணாடியைச் சுரண்டிக்கொண்டிருந்த எதிர்வீட்டுக்காரர் நிமிர்ந்து, வீட்டுச் சூடெல்லாம் கூரையால் போகுது, பார்த்தீரா என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

"என்னவாம்?" அக்கா.

"வடிவா இருக்காம்."

பொய் ஒன்று.

அக்கா ஃபொட்டோ எடுத்தார். குடும்ப வட்ஸ்அப்பில் போட்டார்: நாலு நாடு, அறுபது பேர். பத்மாவைக் கோட்டுப் போட்டு வெளியே கூட்டிவந்தார். பத்மா மேலே பார்த்தாள். சிரித்தாள். கடைசியாக எப்போது சிரித்தாள் என்று யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை. ஆகவே நான் வாயைத் திறக்கவில்லை.

மத்தியானம் கத்தரிக்காய்க் கறி, கீரைப் புளி. நன்றாயிருந்தது.

பெப். 5, வியாழன்

மைனஸ் மூன்று. பத்மா ஹொஸ்பிட்டலில். பக்கத்துக் கட்டில்காரருக்கெல்லாம் ஃபொட்டோ காட்டினாளாம். அவர்களில் ஒருவர் எங்கள் முகவரி கேட்டிருக்கிறார்.

பின்னேரம், பத்மா வந்து படுத்திருக்க, டொரொன்டோவிலிருந்து யோகன், அவள் தம்பி. குழுவில் கைகூப்பும் படம் போட்டுவிட்டு, எனக்குத் தனியாக ஃபோன் அடித்தான்.

"அத்தான், தனியவோ நிக்கிறியள்?"

"ஓம்."

"கூரை ஃபொட்டோ பாத்தனான்."

"அற்புதமாம்."

"அற்புதம் இல்லை. ஐஸ் டாம். நான் இஞ்ச ரெண்டு சீலிங் மாத்தினனான்."

விளக்கினான். வீட்டுச் சூடு லொஃப்டுக்கு ஏறி ஓட்டைச் சுடுகிறது. மேலே பனி உருகித் தண்ணியாய் இறங்குகிறது. விளிம்புக்குக் கீழே வீடு இல்லை, சூடு இல்லை. அங்கே வந்ததும் உறைகிறது. உறைந்து உறைந்து வரம்பு. வரம்புக்குப் பின்னால் குளம். குளம் ஓட்டுக்கு அடியால் உள்ளே.

"இஞ்ச பனி ஒரு கிழமைதான் நிக்கும், யோகன்."

"ஒரு கிழமை காணும், அத்தான்."

"என்ன செய்ய?"

"கோடாலியோட மேல ஏறாதேங்கோ, அதுதான் முதல். கூரை வெளியைப் போலக் குளிரா இருக்கவேணும். வீட்டுச் சூடு வீட்டுக்குள்ள. விளிம்பில காத்துப் போக வழி. லொஃப்ட் நிலத்தில, சூடு ஏறாமல், இன்சுலேஷன். உங்களிட்ட இருக்குத்தானே?"

எங்களிடம் இருந்தது. இனி வாக்குமூலம், யாரும் வாசிக்கப்போவதில்லை.

1. லொஃப்ட் நிலத்தில் மஞ்சள் கம்பளிச் சுருள் இருந்தது. சாமியைக் குடியேற்றப் போட்ட பலகை அதற்கு மேல் சமமாக உட்காரவில்லை. சுருளை உருவிக் குப்பைக்குப் போட்டேன். நானே, என் கையால்.
2. டயலிசிஸ் முடிந்து வந்தால் பத்மாவுக்கு நடுக்கம். கும்பிடப் போகும்போது குளிரக்கூடாது என்று லொஃப்டில் இரண்டு ஹீட்டர். நான் வைத்தது.
3. கூரை விளிம்பு இடைவெளிகளால் காற்று வந்து விளக்கை அணைத்தது. இடைவெளிகளை அடைத்தேன். அடைத்தது எதால் என்றால், நாங்கள் நாலு நண்பர்கள் நடத்திய காலாண்டிதழின் விற்காத பிரதிகளால். பதினோரு இதழ் வந்தது. ஒவ்வொன்றிலும் கடைசிப் பக்கம் மூடநம்பிக்கை பற்றி என் பத்தி. அந்த இதழால் ஒரு காற்றாவது நின்றது இதுதான் முதல்முறை.

சிறு அறை எந்த விளிம்புக்குக் கீழே என்று யோகன் கேட்டான். பின் விளிம்புக்கு நேர்கீழே என்றேன். டொரொன்டோவில் யாரோ பனி வழிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

பெப். 6, வெள்ளி

மைனஸ் ஐந்து. ஹீட்டரை நிறுத்த நினைத்தேன். முந்திவிட்டார்கள்.

பத்து மணிக்குக் கமலா அக்கா தலைமையில் பெண்கள். எண்ணினேன்: பதினாலு. அம்மாளுக்கு உகந்த வெள்ளி, பனி நிற்காத கூரை, ஒடுங்கிய மரப்படி. ஒவ்வொருவர் கையிலும் ஒரு சுட்டி விளக்கு. ஒரு மணி நேரம் பாட்டு. ஹீட்டர் இரண்டும் முழு வேகத்தில்.

கீழே இருந்து கணக்குப் போட்டேன். ஒரு மனுஷர் சும்மா இருந்தாலே ஒரு பழைய மின்குமிழ் அளவு சூடு. பாடினால் இன்னும் கூட. பதினாலு பேர், பதினைந்து சுடர், இரண்டு ஹீட்டர். ஐஸ் வரம்பு கட்டுவதற்கென்றே ஒரு சங்கம் தொடங்கியிருந்தால் இவ்வளவு ஒழுங்காக வேலை நடந்திராது.

போகும்போது ஒருவர்: "அண்ணை, இவ்வளவு குளிருக்குள்ளயும் மேல எப்பிடி வெக்கை. அம்மாளின்ர மூச்சு."

"ஓம் தங்கச்சி." பொய் இரண்டு.

மூன்று மணி. சிறு அறைச் சீலிங், வெளிச்சுவர் மூலை: அப்பள அளவில் தேநீர் நிறக் கறை. தொட்டேன். ஈரம்.

பத்மா வாசலில் நின்று, "அறை வடிவா வந்திட்டு என்ன?" என்றாள். கறைக்கு நேரே என் தலையை வைத்துக்கொண்டு ஓம் என்றேன். புதன் வரை அந்த இடத்தில் நிற்க முடியாது.

பெப். 7, சனி

பத்மா வண்டி ஏறியதும் லொஃப்டுக்கு. எனக்கு ஐந்து மணி நேரம்.

ஹீட்டர் இரண்டையும் நிறுத்தினேன். விளிம்பு ஓரம் தவழ்ந்து இதழ்களை உருவினேன். முன்பக்கம் உலர்ந்தவை. பின்பக்கம், சிறு அறைக்கு மேல், நனைந்து பலகையாய் உறைந்தவை. ஒன்பதாம் இதழைச் சுத்தியலால் தட்டி எடுத்தேன். நல்ல இதழ் அது.

கடைசிக் கட்டை உருவியதும் காற்று வந்தது. நேராக, கத்திபோல. திரும்பிப் பார்த்தேன்.

விளக்கு அணைந்திருந்தது.

44ஆம் நாள். திரியிலிருந்து சின்னப் புகை. எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு இருந்தேன் தெரியாது. பிறகு குசினிக்குப் போய், அடுப்பு பற்றவைக்கும் லைட்டரைக் கொண்டுவந்து ஏற்றினேன். பிஸ்கட் டின் ஒன்றை வெட்டி வளைத்து விளக்கைச் சுற்றி மறைப்பு வைத்தேன். இனி அணையாது.

என் மதிப்பீட்டில் நடந்தது: ஒரு பஞ்சுத் திரி, பிராணவாயு, காற்றின் வேகம். வேறு காரணம் இல்லை.

பத்மா வந்ததும், "விளக்குப் பாத்தனியளோ?"

"ஓம், எரியுது."

ஹீட்டர் போட்டால் ஃபியூஸ் போகுது என்றும் சொன்னேன். இனிப் பொய்களை எண்ணுவதில்லை. அவள் ஓவர்கோட்டும் என் கம்பளித் தொப்பியும் போட்டுக்கொண்டு மேலே போய்க் கும்பிட்டாள்.

பெப். 8, ஞாயிறு

மைனஸ் இரண்டு. கறை சாப்பாட்டுத் தட்டு அளவு. துளி, ஏழு நிமிஷத்துக்கு ஒன்று. உள்ளே சூடு நின்றாலும் வரம்புக்குப் பின்னால் தேங்கியது தேங்கியதுதான்.

கூரைக்காரர் மூவருக்கு ஃபோன். முதலாமவர்: மார்ச். இரண்டாமவர்: ஐஸ் டாமா, அது கனடாவில்தானே. மூன்றாமவர் நோர்வேயிலிருந்து வந்த எங்கள் ஆள், விஷயம் தெரிந்தவர், இடுப்பு நாரி பிடித்துப் படுக்கையில்.

யோகன் சொன்ன வைத்தியம்: நீளமான காலுறையில் உப்பு நிரப்பி, வரம்புக்குக் குறுக்கே, முனை பீலிக்கு வெளியே தொங்க வைப்பது. உப்பு கரைத்த வழியால் தண்ணீர் இறங்கும்.

நீளமான காலுறை: ஹொஸ்பிட்டலில் பத்மாவுக்குக் கொடுத்த, கால் வீங்காமல் இறுக்கும் வெள்ளைக் காலுறை, மூன்று சோடி. அவள் ஒருநாளும் போட்டதில்லை. உப்பு: நடைபாதைக்குத் தூவும் கல்லுப்பு, கடைசிப் பை. பின் யன்னலால் உடம்பை வெளியே நீட்டி, உடுப்புக் கொடித் தடியால் ஆறையும் தள்ளி வைத்தேன். கீழிருந்து பார்த்தால் யாரோ ஆறு கால்களைக் கூரையில் மறந்துவிட்டுப் போனதுபோல.

கமலா அக்கா தோட்டத்தில் நின்றார். எப்போது வந்தார் தெரியாது.

"தம்பி, அது என்ன?"

யோசித்தேன். உப்பு. கூரை. அறுபது பேர் பார்த்த ஃபொட்டோ.

"உப்பு, அக்கா. நாவூறு படாமல்."

அக்காவின் முகம் மலர்ந்தது. இருபது வருஷமாக என்னைத் திருத்த முயன்றவர்.

"நல்ல வேலை செய்தியள். கண்ணூறுதான் பொல்லாதது. செத்தல் மிளகாயும் போட்டனியளோ?"

"இல்லை."

"போடுங்கோ."

போட்டேன். உப்பின் வேலையை மிளகாய் கெடுக்காது என்று யோகனிடம் கேட்டு உறுதிசெய்த பிறகு.

பின்னேரம் கடைக்குப் போய் மஞ்சள் கம்பளிச் சுருள் இரண்டு வாங்கி, சிறு அறைக்கு மேல் பலகையைக் கிளப்பி விரித்தேன். இரண்டு வருஷத்துக்கு முன் எறிந்த அதே சாமான், அதே நிறம், அதே அரிப்பு.

பெப். 9, திங்கள்

காலுறைக்கு அடியில் வாய்க்கால். தண்ணீர் பீலியில் இறங்கும் சத்தம், ஒன்பது மணிக்கு. யன்னலில் நின்று அரை மணி நேரம் கேட்டேன். இந்த நாட்டில் நான் கேட்ட நல்ல கச்சேரிகளில் ஒன்று.

துளி நின்றது. நாள் முழுக்க மேசை விசிறியைச் சீலிங்குக்கு நேரே விட்டு உலர்த்தினேன். பின்னேரம் கறை மறைக்கும் பெயின்ட், இரண்டு பூச்சு. மூலை இப்போது மற்ற இடத்தை விட வெள்ளை. நேர்ஸ் அவ்வளவு வெள்ளையைச் சந்தேகிக்காமல் இருக்கவேண்டும்.

லொஃப்ட்: வெளியைப் போலவே குளிர். யோகனுக்கு அறிவித்தேன். கட்டைவிரல் அனுப்பினான்.

ஆறு மணிக்கு மறுபடி பனி. வரட்டும். இனி எங்கள் கூரை சரியான கூரை.

பெப். 10, செவ்வாய்

ஒரு அங்குலப் பனி. மைனஸ் மூன்று. பத்மா இருட்டோடு போய்ப் பன்னிரண்டரைக்கு வந்தாள். வண்டிக்காரர் கை பிடித்து இறக்கினார். நான் வாசலில்.

அவள் உள்ளே வரவில்லை. நடைபாதையில் நின்று மேலே பார்த்தாள். நானும் பார்த்தேன். முகட்டிலிருந்து விளிம்பு வரை ஒரே சீரான வெள்ளை. பாடப் புத்தகத்தில் போடலாம்.

"பனி நிக்குது," என்றாள்.

"நேற்றுப் பின்னேரம் தொடங்கினது."

"எல்லாற்ற கூரையைப் போலயும் நிக்குது."

உள்ளே வந்தாள். கோட்டைக் கழற்றாமல் கதிரையில் இருந்தாள். பிளேன்ரீ வைத்துக் கொடுத்தேன். பிடித்துக்கொண்டு இருந்தாள், குடிக்கவில்லை.

"நாளைக்கு அந்தப் பிள்ளையை வரவேண்டாமெண்டு சொல்லுங்கோ."

"ஆர், நேர்ஸையோ? ஏன்?"

"அம்மாள் போயிட்டா. பேந்து மெஷின் என்னத்துக்கு."

"அப்ப வியாழக்கிழமை ஹொஸ்பிட்டல்?"

பிளேன்ரீயை மேசையில் வைத்தாள். கேட்டிருக்கக் கூடாது.

கமலா அக்காவின் ஃபோன். ஸ்பீக்கரில். "விளக்கு எங்கையாவது நூந்ததோ? வடிவா யோசிச்சுப் பார்."

"நூரேல்லை. நான் இல்லாத நேரம் அவர்தான் பாத்தவர்."

என்னைப் பார்க்கக்கூட இல்லை. அவ்வளவு நம்பிக்கை.

எழுதிவைக்கிறேன்: விளக்கு அணைந்தது சனி, பனி நின்றது செவ்வாய். ஒரு நிமிஷம் இரண்டையும் நானும் சேர்த்துத்தான் பார்த்தேன்.

உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். சூடு, கம்பளி, வரம்பு, காற்று. வசனங்கள் தயாராக இருந்தன. முப்பது வருஷம் எழுதியவை. அவள் கையில் ஊசி ஏற்றும் இடம், வீங்கி, நீலமாய். வசனம் ஒன்றையும் சொல்லவில்லை.

ஒரு மணிக்கு லொஃப்ட். சிறு அறைக்கு மேலிருந்த கம்பளியை உருவினேன். இதழ்களைக் கொண்டுவந்து இடைவெளிகளை அடைத்தேன், ஈரமானது, உலர்ந்தது எல்லாம். ஒன்பதாம் இதழையும். ஹீட்டர் இரண்டும் முழு வேகம். வீட்டு ஹீட்டிங் இருபத்தாறு. லொஃப்ட் கதவு அகலத் திறப்பு.

யோகன் நாலு தடவை அடித்தான். எடுக்கவில்லை.

ஆறு மணி: முகட்டில் கை அகலத்துக்கு ஓடு தெரிகிறது.

பெப். 11, புதன்

48ஆம் நாள். மைனஸ் மூன்று, வெயில்.

7.30. முக்கால் கூரை வெறுமை. விளிம்பில் புது ஐஸ். பழைய வாய்க்கால்கள் அடைபட்டுவிட்டன; உப்பு முடிந்துபோன காலுறைகள், மிளகாய் மட்டும் மிச்சம். சிறு அறைச் சீலிங்: உலர். தொட்டேன், உலர்.

8.15. உலர்.

9.00. உலர். பத்மா கட்டிலில், சுவர்ப்பக்கம் திரும்பி. நேர்ஸுக்கு ஃபோன் எடுத்தேனா என்று கேட்டாள். லைன் பிஸி என்றேன்.

9.40. "ஒருக்கா வெளியில வாரும்."

"ஏன்?"

"வாரும்."

தோளில் கோட்டைப் போட்டு, கை பிடித்து நடைபாதைக்கு. மேலே பார்த்தாள். ஓடுகளிலிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருந்தது, மெல்லிசாக, வெயிலில். நான் எதிர்பார்க்காத ஒன்று. அவள் கைகூப்பவில்லை, சிரிக்கவில்லை. என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"சீலை மாத்தவேணும்," என்றாள். "அந்தப் பிள்ளை எத்தனை மணிக்கு?"

10.20. உலர்.

10.50. தொட்டேன். குளிர்ச்சி. ஈரமா குளிர்ச்சியா என்று விரலால் சொல்ல முடியவில்லை.

11.05. நேர்ஸ். இளம் பெண், அவசரக்காரி. குழாய் பார்த்தாள், வடிகால் பார்த்தாள், தரையைச் சப்பாத்தால் உரசினாள். நிமிர்ந்து சீலிங்கைப் பார்த்தாள், நான் வரையறுக்க முடியாத அளவு நேரம். புதுப் பெயின்டா என்றாள். ஓம் என்றேன். வீடு நல்ல சூடாக இருக்கிறது, நோயாளிக்கு அது நல்லது என்று எழுதிக்கொண்டாள். பத்மா நீலச் சீலையில் வாசலில் நின்றாள். கேட்டதற்கெல்லாம் ஆங்கிலத்தில், ஒரு பிழையில்லாமல் பதில்.

11.40. கையெழுத்து. மூன்று கிழமையில் மெஷின். அதுவரைக்கும் ஹொஸ்பிட்டல். பத்மா, "நாளைக்கு ஐஞ்சே முக்காலுக்குத்தானே வண்டி?" என்று கேட்டாள். என்னிடம், சாதாரணமாக.

12.05. முதல் துளி.

12.10. இரண்டாவது. கறை புதுப் பெயின்டைத் தாண்டி வந்துவிட்டது, முன்னையதை விடப் பெரிது. வாளி வைத்து, சத்தம் கேளாமல் உள்ளே துவாய் போட்டேன். இரவு மறுபடி பனி என்று அறிக்கை; ஹீட்டரை நிறுத்தினால் அது கூரையில் நிற்கும். நிறுத்தாவிட்டால் இது.

பத்மா குசினியிலிருந்து: "தண்ணிச் சத்தம்போல கேக்குது."

"பனி உருகுது," என்றேன். பொய் இல்லை.

"கேக்க நல்லாத்தான் இருக்கு."

12.50. வாளி கால்வாசி. ஹீட்டர் ஓடுகிறது.